பாத்திர அறையிலிருந்து ஒரு கல்யாணச் செய்தி

"தாலி கட்டுற நேரத்துல நீ மணவறைப் பக்கம் வந்துராத செவந்தி. ஒனக்கே தெரியும், இருந்தாலும் சொல்லிப்புடணும்ல" என்றார் நல்லதம்பி.

செவந்தி தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த திலகவதியின் கை ஒரு கணம் நின்று, பிறகு முன்னைவிட வேகமாகத் துருவியது. நல்லதம்பி செவந்தியின் மூத்தார், புருஷனின் அண்ணன். திலகவதி அவருடைய மனைவி. மறுநாள் அவர்கள் மகள் ரம்யாவுக்குத் திருக்கோகர்ணத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம்.

"சரிங்க மச்சான்."

"மண்டபத்துப் பின்னாடி பாத்திர ரூம் இருக்கு. பேன் போடச் சொல்லிருக்கேன். ஆத்தாளும் அங்கிட்டுதான் இருக்கும். நீ கம்மாக்கரையில மட்டும் விரிவா எழுதிப் போட்டுரு. மாப்ள வீட்டுக்காரங்க எல்லாரும் பாப்பாங்க. போட்டோ ஒனக்கு வாட்ஸப்புல வந்துரும்."

தோசை ஓரத்தில் கருகியிருந்தது. செவந்தி அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு அடுத்த மாவை ஊற்றினாள்.

'கம்மாக்கரை' என்பது மாங்கொல்லைப்பட்டியின் வலைப்பூ. புதுக்கோட்டையிலிருந்து வல்லத்திராக்கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கிற அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார்கள். செவந்தியின் புருஷன் உதயசூரியனும் குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். அவன்தான் அதை ஆரம்பித்தவன். யார் வேண்டுமானாலும் எடுத்து, தன் போக்குக்கு மாற்றி நடத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் விடப்பட்ட மென்பொருளில், விடுமுறை நாட்களில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் கட்டினான். கண்மாயில் எத்தனை அடி தண்ணீர், யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்தக் கிழவர் செத்தார், யார் மகள் பாஸ் பண்ணினாள் என்று ஊரில் நடப்பதெல்லாம் அதில் வரும். பெரியவர்களின் சாவை அறைத் தோழர்களிடம் கேட்டு அழுதவர்கள் பிறகு கம்மாக்கரையைப் பார்த்து அழுதார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் உதயசூரியன் அங்கேயே மாரடைப்பில் இறந்தான். அவனுடைய சாவுச் செய்தியை எழுதிப் போட்டது செவந்திதான். கணினி அறிவியல் படித்தவள், புதுக்கோட்டையில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறவள். அதன் பிறகு கம்மாக்கரை அவள் கைக்கு வந்தது. எழுதுவது மட்டுமல்ல, வாசகர்கள் போடும் கருத்துகளைப் படித்துப் பார்த்து அனுமதிப்பதும் அவள்தான். கோயில் தலைவர் பதவிக்காகச் சிங்கப்பூரிலும் ஷார்ஜாவிலும் இருந்துகொண்டு அடித்துக்கொண்டவர்களை அவள் நிறுத்தி வைத்திருக்கிறாள். கோபமாக எழுதலாம், அசிங்கமாக எழுதக் கூடாது. எழுதுகிறவர் சொந்தப் பேரில் எழுத வேண்டும். இவ்வளவுதான் அவள் வைத்த சட்டம். ஊரும் அதற்குக் கட்டுப்பட்டது.

அந்த ஆறு வருஷத்தில் நாற்பத்தொரு கல்யாணங்களைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். ஒன்றில்கூடத் தாலி கட்டுவதைப் பார்த்ததில்லை.

*

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கே பாத்திர அறையில் மூன்று பேர் இருந்தார்கள். செவந்தி, அவள் மாமியார் சொர்ணவல்லி, தூரத்து உறவில் சின்னம்மா முறையான இருளாயி. மூவரும் புருஷனை இழந்தவர்கள். அரிசி மூட்டைகளும் வாழை இலைக் கட்டுகளும் ஒரு பக்கம், கவிழ்த்து வைத்த அண்டாக்கள் இன்னொரு பக்கம். நல்லதம்பி சொன்னபடி மின்விசிறி ஓடியது.

ரம்யாவைத் தூக்கி வளர்த்தவள் சொர்ணவல்லி. திலகவதிக்கு அந்தப் பிரசவத்தில் உடம்பு முடியாமல் போனபோது எட்டு மாதம் பிள்ளையை மார்மேல் போட்டுக்கொண்டே தூங்கியவள். கணக்குப் பாடத்தில் தடுமாறிய பெண்ணைப் பன்னிரண்டாவது வரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவள் செவந்தி. திலகவதி மூன்று தடவை வந்து, மூன்று பேருக்கும் காபி கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனாள்.

ஏழரைக்குக் கெட்டிமேளம் கேட்டது. சொர்ணவல்லி எழுந்தாள். எந்தப் பக்கம் மணவறை என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு சத்தம் வந்த சுவரைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். மேளம் ஓய்ந்த பிறகும் சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு உட்கார்ந்தாள்.

"கட்டியாச்சுபோல" என்றாள் இருளாயி.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் செவந்தி கணினி முன்னால் உட்கார்ந்தாள். வாட்ஸப்பில் நூற்றுப் பன்னிரண்டு படங்கள் வந்திருந்தன. ரம்யா தலை குனிந்திருந்தாள். மாப்பிள்ளை அரவிந்த்குமார் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். நல்லதம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். செவந்தி வழக்கமான தலைப்பை அடித்தாள். வழக்கமான முதல் வரியையும் அடித்தாள்: 'உற்றார் உறவினர் அனைவரும் சூழ்ந்து நின்று வாழ்த்த.' அனைவரும் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அந்த வரியை அழித்தாள். பிறகு நிறுத்தாமல் எழுதினாள்.

'எங்கள் வீட்டுப் பெண் ரம்யாவுக்கும் அரவிந்த்குமாருக்கும் இன்று காலை திருமணம் நடந்தது. நடந்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. இதுவரை மற்றவர்கள் எடுத்த படங்களைப் பார்த்து, நானே பார்த்தது போல எழுதி வந்தேன். இந்த ஒரு தடவை நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

'நான் பார்த்தது பதினான்கு அரிசி மூட்டைகள். ஐந்து அண்டாக்கள். மாமியார் சொர்ணவல்லி, சின்னம்மா இருளாயி. கெட்டிமேளம் கேட்டபோது மாமியார் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வளர்த்த பேத்தி இருந்தாள். அட்சதை எங்கள் கைக்கு வரவில்லை. காபி மூன்று முறை வந்தது. எங்களை யாரும் அடைத்து வைக்கவில்லை. கதவு திறந்தேதான் இருந்தது. மூன்று பேரில் ஒருவரும் அதைத் தாண்டவில்லை. தாண்டக் கூடாது என்பது எங்களுக்கே தெரியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

'மணமக்கள் நன்றாக இருக்கட்டும். அந்த அறையிலிருந்து வாழ்த்தினாலும் அது வாழ்த்துதான்.'

ஒரு தடவை படித்துப் பார்த்தாள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். 'வெளியிடு' என்பதை அழுத்தினாள்.

*

மறுநாள் காலை அறுபத்து மூன்று கருத்துகள் அனுமதிக்காகக் காத்திருந்தன. மாங்கொல்லைப்பட்டியின் எந்தச் செய்திக்கும் அவ்வளவு வந்ததில்லை. செவந்தி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

குவைத்திலிருந்து முனியசாமி: 'அண்ணி, என் தங்கச்சிக்கும் இதே கதைதான். போன மாசம் மக சடங்குல அது மாட்டுக் கொட்டகையில நின்னுச்சு. நான் போன்ல பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன்.' அனுமதித்தாள். கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர்: 'ஊர் வழக்கத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாய்.' கோபம்தான், அசிங்கம் இல்லை, பேரும் இருக்கிறது. அதையும் அனுமதித்தாள். திருப்பூரிலிருந்து, சென்னையிலிருந்து, பெயர் தெரியாத ஊர்களிலிருந்து பெண்கள் எழுதியிருந்தார்கள். ஒருத்தி நின்ற இடம் ஜெனரேட்டர் அறை. ஒருத்தி மகன் கல்யாணத்தன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். காய்ச்சல் இல்லை என்று இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறாளாம்.

நடுவில் 'குடும்பப் பெண்' என்ற பேரில் ஒன்று: 'தாலி அறுத்தவளுக்குக் கள்யானத்தில் என்ன வேலை. கொடுத்த சோற்றைத் தின்று மூலையில் கிடக்காமல் எழுத்து ஒரு கேடா.'

செவந்தி அதை இரண்டு தடவை படித்தாள். ஒவ்வொரு கருத்தோடும் அது எந்த இணைப்பிலிருந்து வந்தது என்ற எண்ணும் நடத்துகிறவருக்குத் தெரியும். இந்த எண் அவளுக்கு மனப்பாடம். இந்த வீட்டு வைஃபையின் எண் அது. கல்யாணத்தைக் கள்யானம் என்று எழுதுகிற ஆளும் வீட்டில் திலகவதி ஒருத்திதான்.

அதற்குள் ரம்யா போன் செய்தாள்.

"ஏன் சித்தி இப்படிப் பண்ணுனீங்க. இங்க காலையிலருந்து இதே பேச்சுதான். எங்க மாமியா என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க."

"ஒன்னையப் பத்தி ஒண்ணும் எழுதலையே ரம்யா."

"எழுதலைங்கிறதுதான்." ரம்யாவின் குரல் உடைந்தது. "நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். மணவறையில ஒக்காந்துக்கிட்டு நான் யாருட்டயும் கேக்கல. அதை இப்ப ஊரே படிக்குது."

ரம்யாவே போனை வைத்துவிட்டாள். அந்த ஒரு நிமிஷம் மட்டும் எழுதியதை எடுத்துவிடலாமா என்று செவந்திக்குத் தோன்றியது.

நல்லதம்பி அறை வாசலில் வந்து நின்றார்.

"அதை அழிச்சுரு. சம்பந்தி வீட்டுலருந்து கேட்டாச்சு. நாளைக்கு மறுவீட்டுக்கு வாராங்க. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எலை போடுறது."

"பொய்யா ஒண்ணும் எழுதலையே மச்சான்."

"கதவு தொறந்துதான் இருந்துச்சுன்னு நீயே எழுதிருக்க. பெறகு என்ன. வெளிய வரவேண்டியதுதானே."

"வந்திருந்தா?"

நல்லதம்பி கணினியைப் பார்த்தார். மின்விசிறி போடச் சொன்ன மனிதர் அவர். கெட்டவர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை.

"பாஸ்வேர்டைக் குடு" என்றார். "அது என் தம்பி ஆரம்பிச்சது. இனிமே எம் மகன் விக்ரம் பாத்துக்குவான்."

"தரேன் மச்சான். ஆனா ஆரம்பத்துலருந்து எழுதுனது, எல்லாரும் போட்ட கருத்து, மொத்தத்தையும் எறக்கி வச்சிருக்கேன். அந்த சாப்ட்வேர் ஒங்களுக்கும் சொந்தமில்ல, எனக்கும் சொந்தமில்ல. இதை மூடுனா சாயங்காலமே வேற பேருல தெறந்துருவேன். படிக்கிறவங்க அங்க வந்துருவாங்க."

அவர் அவளையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் சரிங்க மச்சான் என்பதைத் தவிர வேறு எதையும் அவளிடமிருந்து கேட்டதில்லை.

"இன்னொண்ணு மச்சான்" என்றாள் செவந்தி. "குடும்பப் பெண்ணுங்கிற பேருல ஒரு கருத்து வந்திருக்கு. நம்ம வீட்டுக் கனெக்சன்லருந்துதான். சொந்தப் பேரப் போட்டு எழுதச் சொல்லுங்க, நல்ல வார்த்தையில. அனுமதிச்சுர்றேன்."

நல்லதம்பியின் காது சிவந்தது. தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

கொல்லைப்பக்கக் கதவருகே சொர்ணவல்லி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. உள்ளே வந்து செவந்தியின் கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதிருக்க. எனக்குப் படி."

செவந்தி முழுவதையும் படித்தாள். சுவரைப் பார்த்துக் கும்பிட்ட இடம் வந்தபோது தயங்கினாள்.

"வேணாம்னா அந்த வரிய எடுத்துர்றேன் அத்தை."

"இருக்கட்டும். கும்புட்டது நெசந்தான." சொர்ணவல்லி கணினியைப் பார்த்தாள். "கீழ எல்லாரும் எழுதுறாங்கங்கிறியே. நான் சொன்னா எழுதுவியா."

"சொல்லுங்க."

"சொர்ணவல்லின்னு பேரு போடு. பேரு மொதல்ல வரணும்." சற்று யோசித்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். செவந்தி அவள் சொன்னபடியே, சொல் மாற்றாமல் அடித்தாள்.

'அவ எழுதுனதுல பொய் இல்ல. அந்த ரூம்ல நானும் இருந்தேன். அவ எழுதாதது ஒண்ணு இருக்கு. எம் மகன் குவைத்துல செத்து, பொட்டியில வந்த பதினாறாம் நாளு, இவ கையப் புடிச்சுத் தரையில வச்சு வளையல ஒடைச்சது நாந்தான். வேணாம் அத்தைன்னுச்சு. ஊரு நிக்குதுன்னு ஒடைச்சேன். எனக்கு ஒடைக்கயில கையில ஏறுன கண்ணாடித் துண்டு இன்னும் உள்ளதான் கெடக்கு, தொட்டா நெருடும். அது தெரிஞ்சும் செஞ்சேன்.'

செவந்தியின் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றன. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கருத்துகளைத் தடுத்திருக்கிறாள், விட்டிருக்கிறாள். எழுதியவருக்கே பழி வரும் என்பதற்காக ஒன்றைத் தடுக்கலாமா என்று யோசித்தது இதுதான் முதல் தடவை.

"இதைப் போட்டா ஊருல ஒங்களைத்தான் அத்தை பேசுவாங்க."

"பேசட்டும். ஒடைக்கயில ஒருத்தரும் பேசல."

செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு 'அனுமதி' என்பதை அழுத்தினாள். சொர்ணவல்லி வலது மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நல்லதம்பி கையில் போனோடு திரும்பி வந்தார்.

"ஆத்தா, இதென்ன ஒம் பேருல?"

"எம் பேருலதான். நாந்தான் சொன்னேன்."

"நாளைக்கு வீட்டுக்கு ஆளு வாராங்க ஆத்தா."

"வரட்டும். நாளைக்கு நானும் அவளும் கூடத்துல நின்னுதான் வாங்கன்னு சொல்லப்போறோம். பேன் போட்ட ரூமெல்லாம் வேணாம்." சொர்ணவல்லி நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். "படிக்கத் தெரிஞ்சவந்தானே நீ. நான் சொன்னது சரியா வந்திருக்கான்னு சத்தமாப் படி. ஒம் பொண்டாட்டியும் கேக்கட்டும்."

நல்லதம்பி போனைப் பார்த்தார், தாயைப் பார்த்தார்.

சமையல்கட்டில் திலகவதி அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கேட்பதற்காக வந்து நின்றாள்.