ஊமை மோடம்

எந்த மோடத்துக்குச் சளி பிடித்தாலும் தனக்குத் தும்மல் வரும் என்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா முழுக்கப் பீற்றித் திரிந்தவர் மோடம் ரிப்பேர்காரர் ஹார்லன். போன் லைன் வழியாக இணையம் தரும் கம்பெனியின் முதலாளி லொரெட்டா அதை நம்பியதே இல்லை.

அன்று அவளுடைய வாடிக்கையாளர் ஒருவருக்கும் இணைப்புக் கிடைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் பள்ளிக்கூடம் வேறு கம்பெனிக்குப் போய்விடும். வேறு வழியில்லாமல் லொரெட்டா ஹார்லனை வரவழைத்தாள்.

மோடம் அடுக்கின் முன் ஹார்லன் கண்ணை மூடி நடந்தார். சட்டென்று தும்மினார்.

"இதுதான்! போனை எடுக்குது, ஊமையா வச்சிடுது. உடனே லைன் காலி. காலியா இருக்கிற முதல் லைனுக்குத்தான் கால் வரும். அடுத்தவனும் இதுகிட்டயே வந்து மாட்டுறான்."

லொரெட்டா வயரைப் பிடுங்கப் பாய்ந்தாள்.

"ஐயோ, பிடுங்காதேம்மா! பிடுங்கினாலும் லைன் காலின்னு கால் இங்கேயே வந்து, எடுக்க ஆளில்லாம மணி அடிச்சுக்கிட்டே கிடக்கும்."

அந்த லைனில் சாதாரண போனை மாட்டி, ரிசீவரை எடுத்துத் தனியே மேசைமேல் வைத்தார். "இப்ப இது பிஸி. அடுத்த லைனுக்குத் தாண்டிப் போவானுங்க."

அடுத்த மோடம் இணைப்புக் கிடைத்துக் கீச்சிட்டது. பிறகு வரிசையாக எல்லாமே.

"தூசியிலதானே தும்மினே பெரிசு?" என்றாள் லொரெட்டா. சற்று யோசித்து முணுமுணுத்தாள்: "இல்ல... காலையிலதான் துடைச்சேன். நெஜந்தான்யா."