எலும்பைச் சுற்றிய நரம்பு

முடிதிருத்தும் கடையில் ஆள் வராத ஒரு முற்பகல். "உங்களுக்கு வயசாயிடுச்சு மாமா" என்று சீண்டியது அவன்தான். மாமா என்றால் அக்காவின் கணவர். கடை அவருடையது, இரண்டாவது நாற்காலி இவனுடையது. யாருக்குப் பலம் என்று பார்க்க மேசையில் முழங்கையை ஊன்றிக் கை கோத்தார்கள். மாமா சிரித்துக்கொண்டேதான் இருந்தார். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். மாமாவின் வலது மேல்கை எலும்பு இரண்டாகிவிட்டது.

மருத்துவமனைக்குப் போவதற்குள் மணிக்கட்டு துவண்டு தொங்கியது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த எலும்பைச் சுத்தி ஒரு நரம்பு போகுது. மணிக்கட்டைத் தூக்குறது அதுதான். திறந்து பாத்தாதான் தெரியும்."

"திரும்பக் கத்தரிக்கோல் பிடிப்பாரா?" அக்கா கேட்டாள். தம்பி நின்ற பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மூன்று மணி நேர அறுவை சிகிச்சை. ஒரு தகடு, ஆறு ஸ்குரூ.

"நரம்பு அறுந்து போகல. எலும்புக்கு நடுவுல மாட்டி நசுங்கியிருந்துச்சு, எடுத்து விட்டுட்டேன். எலும்பு சேந்துடும். நரம்பு எப்ப முழிக்கும்னு சொல்ல முடியாது. மாசக்கணக்கா ஆகும். முழிக்காமலும் போகலாம்."

மாமா தொங்கும் கையைப் பார்த்தார். "ஜெயிச்சுட்ட மச்சான். இனி கடையையும் நீயே பாத்துக்க."

அது கோபமா கேலியா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவது வாரமே மாமா கடைக்கு வந்துவிட்டார். மணிக்கட்டைத் தாங்கும் பட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து வாயாலேயே முடி வெட்டினார். "காதோரம் ஏறிடுச்சு பாரு." "சீப்பைச் சாய்ச்சுப் பிடிடா, அது என்ன மண்வெட்டியா?" பயிற்சிக்காக அவர் பட்டையைக் கழற்றும்போதெல்லாம் இவன் கண்ணாடி வழியாகப் பார்ப்பான். கை தொங்கும். பார்வையை வாடிக்கையாளர் தலைக்குத் திருப்பிக்கொள்வான்.

பதினான்காவது வாரம். பட்டை மாமாவின் மடியில் கிடந்தது. ஒரு வாத்தியாரின் பின்கழுத்தில் இவன் கோட்டைக் கோணலாக இழுத்துவிட்டான்.

"டேய், டேய்! இங்கல்ல வரணும் கோடு?" மாமா எழுந்து வந்து வலது கையை நீட்டினார்.

மணிக்கட்டு ஒரு விரல்கடை எழும்பியது. நடுங்கியது. விழுந்தது.

மாமா அதைக் கவனிக்கவில்லை. கோட்டைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டான். வாத்தியாரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மாமாவின் கை மறுபடி நீளட்டும் என்று கோட்டை இன்னும் கொஞ்சம் கோணலாக இழுத்தான்.