அக்கா படுக்கும் சீட்

இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்த மனைவியை ஆஸ்பத்திரிக்கு நடைப் பயிற்சிக்கு அழைத்துப் போவதே தையல்காரருக்குப் பெரும்பாடாக இருந்தது. பின் சீட்டில் தலையணை போட்டுப் படுக்க வைப்பார். ஆமை வேகத்தில்தான் ஓட்டுவார். அப்படியும் சின்னப் பள்ளத்தில்கூட கார் துள்ளித் துள்ளி ஆடும்.

"வலிக்குதா?"

"இல்லைங்க. நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

கண்ணாடியில் பார்த்தால் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய தம்பி கார் மெக்கானிக். "கிரீஸ் கையோட புதுத் துணியைத் தொடாதே" என்று எல்லோர் முன்னாலும் தையல்காரர் ஒருமுறை எரிந்து விழுந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் அவன் அக்காவைப் பார்க்க வருவான்.

கடைசியில் தையல்காரர் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அவனுடைய பட்டறை வாசலில் போய் நின்றார்.

"உங்கக்காவுக்கு ரொம்பக் குலுங்குதுப்பா."

அவன் காரின் பின்மூலையை ஓர் அழுத்து அழுத்திவிட்டான். அது நிற்காமல் மேலும் கீழும் ஆடியது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தான்.

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு," என்றான், காரிடம் சொல்வதுபோல. "பள்ளத்தோட அடியை அது வாங்கிக்கும். ஆனா வாங்கிட்டு ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குறதுக்குத்தான் ஷாக் அப்சார்பர். அதுல எண்ணெய் ஒழுகிப் போயிருக்கு."

"நான் இன்னும் மெதுவா ஓட்டியிருக்கணுமோ?"

"உருட்டிக்கிட்டே போயிருந்தாலும் ஆடித்தான் இருக்கும். உங்க தப்பு இல்ல."

தையல்காரர் டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

புதிய ஷாக் அப்சார்பர்களை மாட்டியதும் தம்பி கையைத் தேய்த்துக் கழுவினான். பிறகு பின் கதவைத் திறந்து, அக்காவின் தலையணையில் தலை வைத்து, நெட்டைக் கால்களை மடக்கிப் படுத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரி ரோட்டுலயே ஓட்டுங்க மாமா. அவளுக்கு எப்படி இருக்கும்னு பாக்கணும்."

மாமா! தையல்காரர் கியர் போடவே ஒரு நிமிடம் ஆயிற்று.

பள்ளத்தில் கார் இறங்கி ஏறியது. ஆட்டமில்லை. ஆனால் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம்.

"இது நேரா இடுப்புல குத்துது. திருப்புங்க!"

சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையின் மூட்டில் ரப்பர் புஷ் நைந்துபோய், இரும்போடு இரும்பு இடித்துக்கொண்டிருந்தது. அதையும் மாற்றினான். மறுபடியும் போய்ப் படுத்தான். அதே பள்ளம்.

"ம்... இப்ப அவளைக் கூட்டிட்டு வரலாம்."

மறுநாள் தம்பியும் முன் சீட்டில் ஏறிக்கொண்டான். பேச்சு சுவாரசியத்தில் ஆஸ்பத்திரி வந்ததே தெரியவில்லை. பின்னால் சத்தமே இல்லை. தையல்காரர் பதறித் திரும்பினார். வாயை லேசாகத் திறந்துகொண்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பவா?" என்று கிசுகிசுத்தார்.

"ஐயோ, வேண்டாம். கொஞ்சம் லேட்டாகும்னு நான் உள்ள போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

இறங்கியவன் கதவை அடித்துச் சாத்தாமல், இரண்டு கைகளாலும் மெல்லத் தள்ளி மூடினான்.