தேய்பிறை அவரை

என் மாட்டுக்கொம்புக் குவளை கவிழ்ந்தது. அதிலிருந்த தெரெரே, ஐஸ் தண்ணீரும் இடித்த புதினாவும் இலைத்தூளுமாக, தேய்பிறை பாட்டில்களுக்குள் இறங்கிவிட்டது. வகுப்பில் தெரெரே குடிக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவனும் நான்தான்.

எங்கள் பராகுவே கிராமங்களில் தேய்பிறையில் விதை போட்டால்தான் விளையும் என்பார்கள். என் ஒன்பதாம் வகுப்பு அதைச் சோதிக்கக் கிளம்பியது. பஞ்சு வைத்த பாட்டில்களில் அவரை. பாதி வளர்பிறையில், பாதி தேய்பிறையில். குவளையைக் கவிழ்த்ததைப் பிள்ளைகளிடம் சொன்னேன். சிரித்தார்கள். தேய்பிறை அவரை ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறியபோது யாரும் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியை டோன்யா எவாரிஸ்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அறிவியல் கண்காட்சியில முதல் பரிசு மைக்ரோஸ்கோப், வாத்தியாரே. நடுவருங்க எல்லாம் நிலா பாத்து மரவள்ளி போடுறவங்க. 'நிலாதான் காரணம்'னு பெருசா எழுதச் சொல்லுங்க."

எங்களிடம் மைக்ரோஸ்கோப் கிடையாது. வெங்காயச் செல்லை நான்தான் பலகையில் வரைவேன். பார்ப்பவர்களுக்கு அது மீன்வலை.

கண்காட்சி மேசையருகே நின்று விளக்கவேண்டியவள் என் மாணவி நில்டா. அட்டையில் எழுத வைத்திருந்த தூரிகையை அவள் தொடவில்லை.

"நிலாவா, சாரோட தெரெரேயான்னு எப்படி மேடம் பிரிக்கிறது? வளர்பிறையில போட்டப்ப தெக்குக் காத்து வேற, ஒரே குளிரு."

"குளிரை யாரு கேட்டா?"

"நான் கேட்டேன்."

டோன்யா எவாரிஸ்டா என் பக்கம் திரும்பினார். "இவளைக் கெடுத்து வச்சது நீங்கதானே?"

"குவளையால கொஞ்சம், பாடத்தால கொஞ்சம்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "அட்டையில 'தெரியவில்லை'ன்னுதான் இருக்கும் மேடம். இல்லேன்னா எங்க மேசை காலியா இருக்கும்." பேசியது நானா என்று எனக்கே சந்தேகம்.

"அப்ப அந்த மீன்வலையையே வரைஞ்சுக்கிட்டு கெடங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

நில்டா தூரிகையை எடுத்துத் 'தெரியவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். அட்டை நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"மைக்ரோஸ்கோப் போயிடுமே. உனக்குப் பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்கிறத எப்படி சார் அளக்குறது?"

கேள்விக்குக் கேள்வி கேட்கப் பழக்கியதே நான்தான், யாரைத் திட்டுவது?

"நான் வாத்தியாரா கேக்கலம்மா."

"பின்ன யாரா கேக்குறீங்க?"

"குவளையைக் கவுத்தவனா."

தூரிகையைக் கீழே வைத்தாள்.

"பரவாயில்லைன்னு ஒண்ணும் இல்ல சார். மைக்ரோஸ்கோப் போயிடும்னு நேத்தே வீட்டுல அழுதேன். ஆனா நிலான்னு சொல்லமாட்டேன்."