இரண்டு பர்னரில் ஒரு அண்டா

மூத்தவள் அண்டாவை அடுப்பில் ஏற்றும்போதே இளையவளுக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கென்று வாங்கிய இரண்டு பர்னர் அடுப்பு அது. அண்டா இரண்டையும் மூடி, முன்னால் தீயைக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் திருகுகளுக்கு மேலேயும் நீட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, இந்த அடுப்புக்கு இது ஆகாது. சின்னப் பாத்திரமா பிரிச்சு வைப்போம். அப்பதான் தீ பாத்திரத்துக்கு அடியிலேயே நிக்கும்."

"பிரிச்சு வச்சா எப்ப முடியும்? பன்னிரண்டு மணிக்கு அறுபது பேருக்கு சூப் போகணும். உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்."

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் இருவரும். சேர்ந்து சமைத்துக் கொடுக்க ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது. தினமும் மத்தியானம் கொடுக்கச் சொல்லி அச்சகத்திலிருந்து வந்த இதுதான் முதல் பெரிய ஆர்டர்; இன்றுதான் தொடக்கம். போன முறை வாக்குவாதம் முற்றிப் பதினைந்து நாள் முகம் பார்க்காமல் இருந்தது நினைவுக்கு வர, இளையவள் வாயை மூடிக்கொண்டாள்.

சூப் கொதி வந்த நேரத்தில் தீயின் நிறம் மாறியது. நீலமாக நிற்க வேண்டியது மஞ்சளாகி, அண்டாவின் அடியைச் சுற்றி வெளியே நாக்கை நீட்டியது. பிளாஸ்டிக் கருகும் நெடி மூக்கைத் துளைத்தது. மூத்தவள் பாய்ந்து திருகைப் பிடித்தாள். அது இளகிப்போய்க் கையோடு வந்துவிட்டது.

"ஐயோ! அணைக்க முடியலையே!"

அடுப்புக்குப் பின்னால் ரப்பர் குழாய் கொப்புளம் விட ஆரம்பித்திருந்தது. மூத்தவள் துணியைச் சுற்றி அண்டாவின் காதைப் பற்றினாள்.

"அந்தப் பக்கம் பிடி, இறக்கிடலாம்!"

"தொடாதீங்க! கொட்டுச்சுன்னா ரெண்டு பேரும் வெந்துடுவோம். தள்ளி நில்லுங்க!"

சிலிண்டர் மேடைக்கு அடியில் இருந்தது. அதன் கதவுக்கு முன்னால் தட்டுப் பெட்டிகள். இளையவள் அவற்றைக் காலால் உதைத்துத் தள்ளினாள். தட்டுகள் சிதறி உருண்டன. உள்ளே கையை விட்டாள். ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருப்புவது? தினமும் செய்கிற வேலை, அந்த நொடியில் மறந்துபோனது. ஒரு பக்கம் திருப்பினாள், அசையவில்லை. மறுபக்கம் திருப்ப, 'டக்' என்று மூடிக்கொண்டது.

"இன்னும் எரியுதுடி!"

"குழாயில மிச்சம் இருக்குறது தீரணும். கிட்டப் போகாதீங்க."

தீ சுருங்கி, படபடத்து, அணைந்தது. இளையவள் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். குழாய் ஒரு பக்கம் தோலுரிந்து, தொட்டால் பிய்ந்துவிடும்போல் இருந்தது. அதைப் பார்த்ததும் மூத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடுப்பு கெட்டுப்போச்சுன்னு அச்சகத்துக்காரங்ககிட்ட சொல்லிடுங்க அக்கா," என்றாள் இளையவள்.

மூத்தவள் ஃபோனை எடுத்தாள். "அடுப்பு மேல தப்பு இல்லைங்க. அதுக்குப் பொருந்தாத பாத்திரத்தை நான்தான் வச்சேன். சூப் வராது. ரொட்டியும் பழமும் வாங்கி அனுப்புறோம்." எதிர்முனையில் கத்தினார்கள். நாளையிலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்கள்.

மத்தியானம் மெக்கானிக் வந்து குழாயையும் திருகுகளையும் மாற்றிவிட்டுப் போன பிறகு, இளையவள் மூத்தவளின் சிவந்த விரல்களுக்கு மருந்து தடவினாள்.

"ஏழு வருஷத்துல இன்னைக்குத்தான் என்னை அதட்டியிருக்கே."

"கோபமா அக்கா?"

"காலையிலயே அதட்டியிருக்கலாம்," என்றாள் மூத்தவள், விரல்களை இழுத்துக்கொள்ளாமல்.