ஆள் இரண்டு

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இறந்துபோன எடைமேடைக்காரர், அதற்குப் பிறகும் ஆறு வருடம் ஒருநாள் லீவு போடாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். லாரிகளை எடை போடுவது அவர் வேலை. வெறும் வண்டிக்கு ஒரு எடை, சரக்கோடு ஒரு எடை, இரண்டுக்கும் சீட்டு. டிரைவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் சீட்டில் 'ஆள் ஒன்று' என்று எழுத வேண்டும். அதை அவர் ஒரு தடவைகூட மறந்ததில்லை.

அவர் இறந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு, பள்ளிக்கூடத்தின் மேற்படிப்பு வழிகாட்டி அறையில். வழிகாட்டி டீச்சர் கெட்டிக்காரி. ஒவ்வொரு பிள்ளையையும் மூன்று கல்லூரி எழுத வைப்பார்: எட்டிப் பிடிக்க ஒன்று, எட்டக்கூடியது ஒன்று, எதுவும் இல்லையென்றால் ஒன்று. பக்கத்திலேயே நாலு வருடக் கட்டணம், விடுதி, சாப்பாடு, பஸ் செலவு எல்லாம் எழுதி, வீட்டில் எவ்வளவு முடியும் என்று பெற்றவர்களைக் கேட்பார். எடைமேடைக்காரரின் மகளுக்கு எட்டிப் பிடிக்க வேண்டியதே கிடைத்துத் தொலைத்தது. அப்பாவின் சம்பளம், அம்மாவின் தையல் காசு, வங்கிக் கடன் எல்லாம் சேர்த்தும் பாதிக்குத் துண்டு விழுந்தது. பாக்கி இருந்தது ஒரே ஒரு உதவித்தொகை, தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கானது. சான்றிதழ் கேட்கமாட்டார்கள், பள்ளியின் முத்திரை போதும். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

"டிக் பண்ணிடுங்க டீச்சர்," என்றார் அவர்.

"நீங்க என் எதிர்ல உட்கார்ந்திருக்கீங்களே."

"அது அவங்களுக்குத் தெரியவா போகுது? நான் செத்தாத்தான் கிடைக்கும்னா, இப்பவே கிடைக்கட்டுமே."

மகள் "வேணாம்பா" என்று அவர் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே 'தந்தை காலமானார்' என்ற கட்டத்தில் டிக் போட்டு முத்திரை குத்தினார்.

முதல் லாரி வருவதற்கு முன்னால் மேடையில் தான் ஏறி நின்று மெஷினைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். எப்போதும் எழுபது காட்டும். மறுநாள் பூஜ்யம் காட்டியது. மெக்கானிக் வந்து தான் ஏறிப் பார்த்தான், எண்பது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு, உங்களுக்குத்தான் ஏதோ," என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனான். கல்லூரி சேர்ந்த அன்று மருத்துவப் பரிசோதனையில், ஊதினால் பறந்துவிடும் போலிருந்த மகள் நூற்றிருபது கிலோ இருந்தாள். நர்ஸ் வேறு மெஷின் கொண்டுவந்தாள், அதிலும் நூற்றிருபது. தைராய்டுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். விடுதிக் கட்டில் அவளுக்கு மட்டும் தொய்ந்தது, மாடிப்படியில் அவளுக்கு மட்டும் மூச்சு வாங்கியது. எழுபது கிலோ யாருடையது என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வாள்?

உதவித்தொகையை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது டிக்கில் அவர் குரல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா பேசி முடித்ததும் அவர் வாங்கிப் பேசுவார், மகள் காதில் வெறும் இரைச்சல்தான் விழும். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்து அவள் அழுதாள். மூன்றாம் வருடம் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்து, "எனக்குப் படிப்பே வேணாம், எங்கப்பா உயிரோட இருக்கார்னு எழுதுங்க," என்று டீச்சருக்கு எழுதினாள். டீச்சர் அவரை பஸ்ஸில் உதவித்தொகை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கிழித்தார்.

"உயிரோட இருக்கார்னு மாத்தணும்னா இறந்தவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா, அதான் விதி," என்றார் குமாஸ்தா.

"இதோ நிக்கிறாரே."

"எங்கம்மா?"

எடைமேடைக்காரர் குனிந்து, பேனாவை வாங்கி, நிதானமாகத் தன் பெயரை எழுதினார். தாள் வெள்ளையாகவே இருந்தது. டீச்சர் அங்கேயே உட்கார்ந்து தேம்பி அழுதார். குமாஸ்தா நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்து, பாவம் என்று பாக்கி இரண்டு வருடத் தொகையையும் அன்றைக்கே அனுமதித்துவிட்டார். திரும்பி வரும்போது பக்கத்து இருக்கையில் டீச்சருக்கும் யாரும் தெரியவில்லை.

அம்மா வீட்டில் ஒரு தட்டையும் குறைக்கவில்லை. மேடைக்கு முதலாளி புது ஆளைப் போட்டார். காலையில் அவன் வந்து பார்க்கும்போது மேடை கூட்டி, ஜன்னல் திறந்திருக்கும். டீச்சர் தன் அறையில் ஒரு எடை மெஷின் வாங்கி வைத்து, பெற்றவர்களை ஏற்றி இறக்கிய பிறகுதான் எந்தப் படிவத்தையும் தொட்டார். எட்டிப் பிடிக்கும் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் குறைந்தார்கள். எந்தத் தகப்பனும் எடை இழக்கவில்லை. இரண்டில் எது சரி என்று ஓய்வு பெறும் வரை அவருக்குத் தெரியவில்லை.

மகள் படித்து முடித்து, வேலைக்குப் போய், ஆறாம் வருடம் நாலு வருட உதவித்தொகையையும் வட்டியோடு திருப்பி அனுப்பினாள். 'தங்கள் மறைந்த தந்தையின் நினைவாக' என்று அச்சடித்த ரசீது வந்தது. அதை எடுத்துக்கொண்டு பஸ் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேராக மேடையில் போய் நின்றாள். மெஷின் நூற்றிருபது காட்டியது.

"இறக்கி வச்சிரலாம்னுதான்பா வந்தேன்," என்றாள். "முடியலை."

புது ஆள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். ஒல்லியான பெண்ணையும் மெஷினையும் பார்த்தான்.

"தனியாவா வந்தீங்க?"

"இல்லை."

அவன் சீட்டில் 'ஆள் இரண்டு' என்று எழுதி, எடைக்கூலியை வாங்கிக்கொண்டான். மறுநாள் காலையில் மேடை கூட்டாமல் கிடந்தது. அவனே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான்.