வால்மீனில் பாதரசம்

மைக் கையில் கிடைத்தால் விடமாட்டார் என்பதால் வானாய்வகத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘மைக்’. அவளுக்கு அவர் வேலையிடத்தில் சார், வீட்டில் அக்கா புருஷன், மாமா. இரண்டு இடத்திலும் அவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்ட வேண்டும். ஆட்டி ஆட்டி அவளுக்குக் கழுத்தே விட்டுப்போயிருந்தது.

வேறொரு நட்சத்திரத்திலிருந்து வந்த வால்மீன் அது. சூரியனை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, இனி வராது. அதன் ஒளியைக் கோடு கோடாகப் பிரித்து, உள்ளே என்ன வாயு, என்ன உலோகம் என்று படிப்பதுதான் அவள் வேலை. இன்று அந்தி மட்டும்தான் மிச்சம். நாளை சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிடும்.

மைக்தான் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டாரே! வால்மீன் நிறையப் பாதரசமாம். கண்டுபிடித்த மூஞ்சியைப் பார்! பத்து நாளைக்கு முன், வால்மீனை வழியனுப்பும் விழாவுக்கென்று தோட்டத்தில் நான்கு பழைய பாதரச விளக்குகளை நட்டார்கள். வெறும் வானத்தையும் படம் பிடித்து, அதன் ஒளியை வால்மீன் படத்திலிருந்து கழிக்க வேண்டும். மனுஷன் அவசரத்தில் விளக்கு வருவதற்கு முந்தைய வானத்தைக் கழித்திருக்கிறார். பாதரசம் மிஞ்சாமல் வேறென்ன மிஞ்சும்? மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். பொறாமை என்றார்.

காலையில் அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அது தோட்டத்து விளக்குக்கா. சாயங்காலம் ஒரு மணி நேரம் அணைக்கச் சொல்லேன்.”

“இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் அவருக்கு ஒரு பேர் கிடைக்குது. வாயை மூடிட்டு இரு, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அந்தியில் தோட்டம் முழுக்க விருந்தினர், முன்வரிசையில் அக்கா. ஐந்து நிமிடத்துக்கொரு முறை தொலைநோக்கியின் புதுப்படம் பெரிய திரையில் விழுந்தது. மைக் பாதரசக் கோட்டைக் காட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். மேலே தொலைநோக்கி அறையில், அவள் மாதக்கணக்காகத் தேடிய நிக்கல் கோடு விளக்கு வெளிச்சத்தில் மூழ்கிக் கிடந்தது. அவள் விடுவிடுவென்று இறங்கி, தோட்டத்து விளக்குகளின் மின்பெட்டியைத் திறந்தாள்.

“ஐயோ மேடம், சார் என் வேலைக்கே வேட்டு வச்சிருவாரு,” என்றார் பெட்டியருகே நின்ற எலெக்ட்ரீஷியன்.

“நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

ஃபியூஸைப் பிடுங்கினாள். தோட்டம் இருண்டது. திரை மட்டும் எரிந்தது.

“எவன்டா லைட்டை அணைச்சது?” மைக்கிலேயே கத்தினார் மைக்.

அடுத்த படம் விழுந்தது. பாதரசக் கோடு இல்லை. அந்த இடம் துடைத்த மாதிரி இருந்தது. தள்ளி, மெல்லியதாக, நிக்கல் நின்றது.

“சார், பாதரசம் எங்க போச்சு?” என்றார் ஒரு நிருபர். முதல் தடவையாக மைக் தானாகவே மைக்கைக் கீழே வைத்தார்.

அக்கா இருட்டில் தட்டுத் தடுமாறி வந்து அவள் கையைப் பிடித்தாள். “அடிப்பாவி, சபையில மானத்தை வாங்கிட்டியே! முதல்லயே சொல்லக் கூடாதா?”

“சொன்னேனே, காலையில.”

அக்காவின் கை தானாக விட்டது. மைக் பின்னாலேயே ஓடிவந்தார். “ஃபியூஸைக் கொடு!”

“தர முடியாது மாமா. வால்மீன் மறைய இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு.”

ஃபியூஸைப் பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறி, கதவை உள்ளே தாழிட்டாள்.